இல்லாத மரபணுவா, கண்ணில் படாத மரபணுவா?

பறவைகளுக்கு லெப்டின் என்ற பசியடக்கும் ஹார்மோனே கிடையாதுன்னு நானும் ஒரு காலத்தில் அடித்துச் சொன்னவன்தான். அதைத் திருத்திக்கொள்ள ஒரு எலி உதவியது.

கொழுத்த மணல் எலி. வட ஆப்பிரிக்க, மேற்காசியப் பாலைவனங்களில், நம்மூர் உமரி மாதிரியான உவர்ச்செடிகளைத் தின்று வாழ்வது. ஆய்வகத்தில் சாதாரண எலித்தீனி போட்டால் பலவற்றுக்குச் சர்க்கரை நோய் வந்துவிடும். காரணம் தேடியவர்கள் இன்சுலினைக் கட்டுப்படுத்தும் பிடிஎக்ஸ்1 மரபணுவைப் பார்த்தார்கள். காணவில்லை! அது இல்லாமல் கணையமே உருவாகாது. எலியோ உயிரோடு ஓடுகிறது.

2017-ல் விடை வந்தது. எலியின் திசுக்களில் அந்த மரபணுவின் ஆர்என்ஏ படிகள் கிடைத்தன. டிஎன்ஏவின் அந்தப் பகுதியில் ஜி, சி எழுத்துகள் மிக அதிகம். வழக்கமான வாசிப்பு முறைகள் அங்கேதான் தடுமாறியிருக்கின்றன.

செல்லப்பிராணிக் கடைக் கூண்டுகளில் சிவந்த அலகோடு கீச்சிடும் வரிக்குதிரை ஃபின்ச்சிலும் இதே கதைதான். அதன் லெப்டினும் ஜி, சி நெரிசலுக்குள் ஒளிந்திருந்து, பிற்பாடுதான் சிக்கியது.

இப்போதெல்லாம் "இந்த உயிருக்கு இந்த மரபணு கிடையாது" என்று படித்தால், நான் முதலில் கேட்பது: எதை வைத்துத் தேடினீங்க?