தோல்விக்கு மறுநாள்

நுழையும்முன்

போட்டிக் களத்தில் நெடுங்காலம் நிலைத்து நிற்பவர்கள் அனைவரும் பலமுறை தோற்றவர்களே. தோல்விக்கு மறுநாள் அவர்கள் எத்தகைய மனத்துடன் களத்தில் அமர்கிறார்கள் என்பதே அவர்களைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துகிறது. பட்டறிவு மிக்க ஆட்டக்காரரின் அம்மனநிலை எவ்வாறு உருவாகிறது என்பதைச் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் ஆட்டங்கள் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

கடற்கரைச் சாலையில் ஒரு களம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோர், கோவளத்தைக் கடந்து நெம்மேலியை அடைவர். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தால் பலராலும் அறியப்பட்ட ஊர் அது. அவ்வழியே மேலும் சென்றால் வருவது மாமல்லபுரம். அதனை அடுத்துள்ள பூஞ்சேரியில், 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் அங்குக் கூடின. இந்திய மண்ணில் நடைபெற்ற முதல் சதுரங்க ஒலிம்பியாடு அதுவே.

அப்போட்டியில் இந்திய ‘பி’ அணியின் முதற்பலகையில் ஆடியவர் குகேசு. அவருக்கு அப்போது அகவை 16. முதல் எட்டுச் சுற்றுகளிலும் தொடர்ந்து வென்றார். ஒன்பதாம் சுற்றைச் சமன் செய்தார். ஆகஸ்டு 8ஆம் நாள் நடைபெற்ற பத்தாம் சுற்றில் எதிரே இருந்தது உசுபெக்கிசுத்தான் அணி. குகேசு வெல்லும் நிலையில் இருந்தார். அவர் வென்றிருந்தால் அணியும் வென்றிருக்கும். ஆனால், ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் நேர்ந்த ஒரு பிழையால் அப்துசத்தாரோவிடம் அவர் தோற்றார். அணி 2-2 எனச் சமன் செய்ய நேர்ந்தது. உசுபெக்கிசுத்தான் பின்னர்த் தங்கப் பதக்கம் பெற்றது.

மறுநாளே இறுதிச் சுற்று. தோற்ற மனத்தை ஆற்றிக்கொள்ள இடையில் இருந்தது ஓர் இரவு மட்டுமே. அந்த இரவை எவ்வாறு கடப்பது? எந்தப் பயிற்சி நூலும் முழுமையாகக் கற்றுத்தர இயலாத இக்கலையை அறிந்த ஒருவர் அவ்வரங்கில் ஆடாமல், வழிகாட்டியாக இருந்தார். அவரே ஐந்து முறை உலக வாகையர் பட்டம் வென்ற விசுவநாதன் ஆனந்த்.

இளமையில் கற்ற பாடம்

மயிலாடுதுறையில் 1969ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பிறந்த ஆனந்த், ஆறாம் அகவையில் தம் தாயார் சுசீலாவிடம் சதுரங்கம் கற்றார். 1987இல் உலக இளையோர் வாகையரானார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்னும் தகுதியைப் பெற்றார். மின்னல் விரைவில் காய்களை நகர்த்துபவர் என உலகெங்கும் பெயர் பெற்றார். எனினும், திறமை வேறு. போட்டியைத் தாங்கும் மனம் வேறு என்பதை அவர் 25ஆம் அகவையில் உணர நேர்ந்தது.

1995ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரின் உலக வணிக மையக் கட்டடத்தில் காசுபரோவுடன் உலக வாகையர் போட்டியில் அவர் மோதினார். முதல் எட்டு ஆட்டங்களும் சமனில் முடிந்தன. ஒன்பதாம் ஆட்டத்தில் ஆனந்த் வென்றார். பட்டம் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதாகத் தோன்றியது. பத்தாம் ஆட்டத்தில் காசுபரோவ் முன்னரே ஆயத்தம் செய்திருந்த புதிய காய்நகர்த்தல் ஒன்றால் வென்றார். அதன்பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. பதினொன்றாம் ஆட்டத்தில் ஆனந்த் மீண்டும் தோற்றார். பன்னிரண்டாவது சமனாயிற்று. பதின்மூன்றிலும் பதினான்கிலும் தோல்வி. ஐந்தே ஆட்டங்களில் நான்கு தோல்விகள். எட்டு ஆட்டங்கள் வரை இணையாக நின்ற ஒருவரின் ஆட்டத்திறன் சில நாள்களில் குறைந்துவிடுமா? குறையாது. தோற்ற ஆட்டம் பலகையிலிருந்து அகன்றபின்னும் மனத்திலிருந்து அகலவில்லை என்றே அதனை விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

பட்டறிவின் பயன்

இதே ஆனந்தைப் பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் பல்கேரியாவின் தலைநகர் சோபியாவில் காண்போம். 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் உலக வாகையர் என்னும் நிலையில் தோபலோவை எதிர்கொள்ள அவர் புறப்பட்டார். ஐசுலாந்து நாட்டின் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவின் வானூர்திப் பயணங்கள் நின்றுபோயின. பிராங்க்பர்ட்டிலிருந்து ஏறத்தாழ 40 மணிநேரம் சாலைவழியே பயணம் செய்து அவர் சோபியாவை அடைந்தார். போட்டியை மூன்று நாள்கள் தள்ளிவைக்க வேண்டினார். கிடைத்தது ஒரு நாள். ஏப்ரல் 24ஆம் நாள் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்.

களைப்பு, எதிராளியின் சொந்த நாடு, முதல் தோல்வி எனக் குறை சொல்வதற்கு வேண்டிய காரணங்கள் அனைத்தும் அவரிடம் இருந்தன. ஆனால், மறுநாள் வேறொரு தொடக்கமுறையைத் தேர்ந்து, பொறுமையாக ஆடி, இரண்டாம் ஆட்டத்தை வென்றார். பன்னிரண்டாம் ஆட்டம் தொடங்கும்போது இருவரும் சமநிலையில் இருந்தனர். அவ்விறுதி ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடி வென்று, 6½ - 5½ என்னும் புள்ளிக்கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்தார்.

2012இல் மாசுக்கோவில் கெல்பாண்டுடன் நடைபெற்ற போட்டி இன்னும் தெளிவான சான்றாகும். மே 20ஆம் நாள் ஏழாம் ஆட்டத்தில் ஆனந்த் தோற்றார். மறுநாள் எட்டாம் ஆட்டத்தில் கெல்பாண்டின் ராணி திரும்ப வழியின்றிச் சிக்கிக்கொள்ள, 17 நகர்த்தல்களிலேயே ஆனந்த் வென்றார். உலக வாகையர் போட்டி வரலாற்றில் மிகக் குறைந்த நகர்த்தல்களில் வெற்றி தோல்வி முடிவான ஆட்டம் அதுவே. போட்டி 6-6 எனச் சமனாகி, விரைவு ஆட்டங்களில் அவர் பட்டம் பெற்றார்.

தெரிந்து தெளிவோம்

சதுரங்கப் போட்டியில் வெற்றிக்கு 1 புள்ளி. சமனுக்கு இருவருக்கும் ½ புள்ளி. தோல்விக்குப் புள்ளி இல்லை. தோற்ற மறுநாள் ஆட்டத்தைச் சமன் செய்தாலும் சரிவு நின்றுவிடுகிறது. தொடரை மீட்பதற்கு முதற்படியாக அமைவது பெரும்பாலும் இந்த அரைப்புள்ளியே ஆகும்.

இரு மயக்கங்கள்

தோல்வியுற்ற மனம் இருவகை மயக்கங்களுக்கு ஆளாகிறது. முதலாவது, இழந்ததை உடனே மீட்கத் துடிக்கும் வேகம். அம்மயக்கத்தில் இருப்பவர், பலகையில் உள்ள நிலை இடம் தராதபோதும் தாக்குகிறார். இரண்டாவது, மீண்டும் தோற்றுவிடுவோமோ என்னும் அச்சம். அதற்கு ஆட்பட்டவர், தாக்கவேண்டிய இடத்திலும் பின்வாங்குகிறார். ஒன்று துணிவுபோலவும் மற்றொன்று அடக்கம்போலவும் தோன்றினாலும் இரண்டும் ஒரே பிழையே. இரண்டிலும் ஆட்டக்காரர் இன்றைய பலகையில் அமர்ந்து நேற்றைய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறார்.

பட்டறிவு மிக்கவர் இம்மயக்கங்களை எவ்வாறு கடக்கிறார்? முதற்கண், தோல்வியின் காரணத்தைப் பிரித்தறிகிறார். ஆயத்தத்தில் குறையா, கணிப்பில் பிழையா, நேரத்தைச் செலவிட்டதில் தவறா, உடற்களைப்பா என ஆராய்கிறார். ‘நான் தோற்றவன்’ என்பது பாரமாகவே எஞ்சும். ‘இந்த இடத்தில் இவ்வாறு பிழைத்தேன்’ என்பது திருத்தத்தக்க செய்தியாகிவிடும். அடுத்து, திருத்தவேண்டியதைத் திருத்தியபின் அவ்வாட்டத்தை அவர் மூடிவைக்கிறார். பல மணிநேரம் நீளும் ஆட்டத்திற்கு உடல்நலம் இன்றியமையாதது. ஆதலின் உறக்கத்தையும் உடற்பயிற்சியையும் ஆயத்தத்தின் பகுதியாகவே கொள்கிறார். இறுதியாக, மறுநாள் பலகை கேட்பதை மட்டும் ஆடுகிறார். சமன் செய்யவேண்டிய நிலையில் சமன் செய்யவும், காத்திருக்கவேண்டிய நிலையில் காத்திருக்கவும் அவரால் இயல்கிறது.

திருக்குறளில் ‘ஆள்வினையுடைமை’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. முயற்சி உடையவருக்கே இடுக்கண் வரும். வந்த இடுக்கணுக்கு உடையாத மனமே முயற்சியைத் தொடரச் செய்யும் என்னும் இயைபை இவ்வரிசையில் காணலாம்.

மனமும் தளரும்

இம்மனநிலையை ஒருமுறை அடைந்துவிட்டால் அது என்றும் நிலைத்திருக்கும் என எண்ணிவிடலாகாது. 2013ஆம் ஆண்டு நவம்பரில் ஆனந்த் தாம் வளர்ந்த சென்னையிலேயே கார்ல்சனை எதிர்கொண்டார். முதல் நான்கு ஆட்டங்கள் சமன். ஐந்தாம் ஆட்டத்தில் தோற்றார். மறுநாள் ஆறாம் ஆட்டத்திலும் தோற்றார். 6½ - 3½ என்னும் கணக்கில், தம் மக்கள் கண்முன்னே பட்டத்தை இழந்தார். மாசுக்கோவில் கைகொடுத்த மனம் சென்னையில் கைகொடுக்கவில்லை.

அப்போது அவருக்கு அகவை 43. எதிராளி 22 அகவை இளைஞர். ஆனந்தின் காலம் முடிந்தது எனப் பலர் கருதினர். அடுத்த உலக வாகையரை எதிர்கொள்பவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் பங்கேற்பதா என்று அவரே தயங்கினார். இறுதியில் பங்கேற்றார். 2014 மார்ச்சு மாதம் உருசியாவின் காந்தி-மான்சிசுக்கு நகரில், மூன்று வெற்றிகளும் பதினொரு சமன்களுமாக ஒரு தோல்வியும் இன்றி அப்போட்டியை வென்றார். அவ்வாண்டே கார்ல்சனுடன் மீண்டும் மோதித் தோற்றார் என்பதும் உண்மை. ஆனால், போட்டியிடும் தகுதி தமக்கு உண்டு என்பதை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறியாமல், ஆடியே அறிந்துகொண்டார்.

2017ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் இரண்டாம் சுற்றிலேயே வெளியேறினார். டிசம்பர்த் தொடக்கத்தில் இலண்டனில் நடைபெற்ற போட்டியில் பட்டியலின் அடியில் நின்றார். அதே மாத இறுதியில் ரியாத்து நகரில் நடைபெற்ற உலக விரைவுச் சதுரங்கப் போட்டியில் கார்ல்சனையும் வென்று, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் உலக வாகையரானார். அப்போது அவருக்கு அகவை 48. விரைவு ஆட்டம் இளையோருக்கே உரியது என்னும் கருத்து அன்று பொய்த்தது.

வழிவழி வரும் செல்வம்

மீண்டும் பூஞ்சேரிக்கு வருவோம். ஆகஸ்டு 9ஆம் நாள் இறுதிச் சுற்றில் செருமனி அணியின் கெய்மருடன் குகேசு ஆடினார். முந்தைய நாள் இழந்ததை ஒரே ஆட்டத்தில் மீட்கத் துடிக்காமல் சமன் செய்தார். இந்திய ‘பி’ அணி 3-1 என வென்று வெண்கலம் பெற்றது. 11 ஆட்டங்களில் 9 புள்ளிகள் எடுத்த குகேசு முதற்பலகைக்கான தனிநபர் தங்கப் பதக்கத்தைப் பெற்றார்.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின் சிங்கப்பூரில் திங் இலிரெனுடன் நடைபெற்ற உலக வாகையர் போட்டியில் குகேசு முதல் ஆட்டத்திலேயே தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் வென்றார். பன்னிரண்டாம் ஆட்டத்தில் மீண்டும் தோற்றார். பதின்மூன்றைச் சமன் செய்தார். 2024 டிசம்பர் 12ஆம் நாள் பதினான்காம் ஆட்டத்தை வென்று, 18ஆம் அகவையில் உலக வாகையரானார். 2020இல் ஆனந்த் தொடங்கிய பயிற்சிக் கழகத்தில் வழிகாட்டல் பெற்றவர்களுள் குகேசும் ஒருவர். மூத்தவர் பல்லாண்டு தோற்றுக் கற்றது, இளையவருக்கு இளமையிலேயே கிட்டியது.

நெம்மேலி நிலையத்தில் கடல்நீர் மிகுந்த அழுத்தத்துடன் நுண்ணிய சவ்வுகளின் ஊடே செலுத்தப்படுகிறது. உப்பு அப்பால் நிற்க, குடிநீர் இப்பால் வருகிறது. அழுத்தம் இல்லையேல் நன்னீர் இல்லை. போட்டியும் அத்தகையதே. தோல்வியில் கசப்பும் உண்டு, அறிவும் உண்டு. கசப்பை அப்பால் நிறுத்தி அறிவை மட்டும் எடுத்துக்கொள்ளும் மனம் ஒரே நாளில் வாய்ப்பதில்லை. ஒவ்வொரு தோல்விக்கு மறுநாளும் அது சிறிது சிறிதாக உருவாகிறது. தேர்வு, விளையாட்டு, கலை என எக்களத்தில் நிற்கும் மாணவருக்கும் அம்மறுநாள் வரும். அன்று பலகையில் காய்கள் மீண்டும் தத்தம் இடங்களில் புதிதாக அடுக்கப்பட்டிருக்கும்.