கிட்டாரைத் தாங்குவது சுவர்தான்

கிட்டாரைச் சுவரில் மாட்டும் ஹேங்கரின் அமைப்பு எளிது. சுவரோடு ஒட்டி நிற்கும் ஒரு தகடு அல்லது மரக்கட்டை, அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் அளவுக்கு முன்னே நீளும் ஒரு கை, கையின் நுனியில் கவட்டையாகப் பிரியும் இரண்டு விரல்கள். கிட்டாரின் கழுத்து முடிந்து தலை அகலத் தொடங்கும் இடம் அந்தக் கவட்டைக்குள் அமர்ந்துகொள்ள, மற்றதெல்லாம் கீழே தொங்கும்.

தலையைப் பிடித்துத் தொங்கவிட்டால் நாளடைவில் கழுத்து வளைந்துவிடாதா என்று பலரும் தயங்குகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரைச் சுருதி சேர்த்து வைத்தால், ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 70 கிலோ விசையோடு ஓயாமல் இழுக்கின்றன. நைலான் கம்பி என்றால் 40 கிலோ அளவுக்கு. அதையெல்லாம் தாங்கும்படி செய்யப்பட்ட கழுத்துக்குத் தொங்கும்போது கூடுதலாக வருவது கருவியின் சொந்த எடை மட்டுமே. அதுவும் கழுத்தின் நீளவாக்கில்தான் இழுக்கிறது. வளைக்கும் திசையில் இல்லை. உண்மையில் கிட்டாருக்குக் கெடுதல் செய்வது அறையின் மூலையில் சும்மா சாய்த்து வைக்கும் பழக்கம். சறுக்கி விழுந்தால் அடி தலையில்தான் படும். கிப்சன் லெஸ் பால் போலத் தலை பின்பக்கம் சாய்ந்த கிட்டார்கள் விழுந்தால், பெரும்பாலும் கழுத்தும் தலையும் சேரும் இடத்தில்தான் முறிகின்றன. அந்த முறிவை ஒட்டவைக்க முடியும். ஆனால் விற்கும்போது பழைய விலை கிடைக்காது.

எடையைப் பொறுத்தவரை சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் 2 கிலோ அளவில் இருக்கும். எலக்ட்ரிக் கிட்டார்களில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை மூன்றரை கிலோவை ஒட்டியும், லெஸ் பால் வகை நான்கு கிலோவைத் தாண்டியும் வரும். பேஸ் கிட்டாரும் அப்படித்தான். கடையில் கிடைக்கும் எந்த ஹேங்கரும் இந்த எடையைத் தாங்கும். ஆகவே வாங்கும்போது எடையைவிடத் தலையின் வடிவத்தையே முதலில் பார்க்க வேண்டும். மார்ட்டின், கிப்சன் கிட்டார்களில் பக்கத்துக்கு மூன்று சுருதித் திருகாணியாகத் தலை இருபுறமும் ஒரே மாதிரி விரிகிறது; கவட்டையில் நேராக அமர்ந்துவிடும். ஃபெண்டர் வகையில் ஆறு திருகாணிகளும் ஒரே பக்கம் என்பதால் தலையின் இரண்டு தோள்களும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அசையாத கவட்டையில் மாட்டினால் கிட்டார் ஒரு பக்கமாகச் சாயும், அல்லது ஒற்றை விரலில் முழு எடையும் இறங்கும். இதற்குத் தானாகச் சுழன்று கொடுக்கும் கவட்டையே தேவை. கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து, தலைக்குக் கீழே கம்பிகள் அமரும் பட்டையான நட் அருகே சுமார் 52 மி.மீ. அகலம், ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில் அது 43 மி.மீ. அளவே. குறுகிய கவட்டையில் கிளாசிக்கலைத் திணிப்பதும், அகன்ற கவட்டையில் உக்குலேலேயைத் தொங்கவிடுவதும் ஒரே அளவு தவறு. தலையே இல்லாத கிட்டார்களுக்கு இந்தக் கவட்டை பயன்படாது. உடலைத் தாங்கும் தனி வகை ஹேங்கர் உண்டு.

ஹெர்குலிஸ் முதலிய நிறுவனங்கள் விற்கும் ஒரு வகையில் கிட்டாரின் எடை கவட்டையைக் கீழே அழுத்தியதும் முன்பக்கம் இரு சிறு நாக்குகள் தாமாக மூடிக்கொள்கின்றன. கிட்டாரைத் தூக்கினால் திறந்துவிடுகின்றன. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் கூடுதல் விலை கொடுத்தாவது இதை வாங்குவது நல்லது.

கவட்டையின் விரல்களைச் சுற்றியிருக்கும் மெத்தைப் பொருள் பலரும் கவனிக்காமல் விடுவது. விலை உயர்ந்த கிட்டார்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து. இன்றைய பெரும்பாலான கிட்டார்களின் மேல்பூச்சு பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். இவற்றை ரப்பர் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் கிப்சன், மார்ட்டின் கிட்டார்கள் பலவற்றிலும், பழைய ஃபெண்டர்களிலும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு இருக்கிறது. மென்மைக்காக ரப்பரிலும் வினைலிலும் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் மெல்லக் கசிந்து இந்தப் பூச்சைக் கரைக்கின்றன. சில வாரங்களிலேயே தொட்ட இடம் பிசுபிசுக்கும். பிறகு நிறம் மாறி வடுவாகிவிடும். துடைத்தாலும் போகாது. ஹேங்கர் பெட்டியின் மேல் 'நைட்ரோ பூச்சுக்கும் பாதுகாப்பானது' என்று அச்சிட்டிருந்தாலும், விரல்களைச் சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியாலோ மெல்லிய தோலாலோ சுற்றிவிடுவது புத்திசாலித்தனம். எந்தப் பூச்சு என்று தெரியாத பழைய கிட்டாருக்கும் இதே முறைதான்.

எந்தச் சுவரில் மாட்டுவது என்ற கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. மரக் கருவிகளுக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்று கிட்டார் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பல மாதங்கள் அது 70 சதவீதத்துக்கு மேல்தான். ஈரம் ஏறினால் அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை உப்பி, கம்பிகள் உயர்ந்து, வாசிக்க விரல் வலிக்கும், கம்பிகள் துருப்பிடிக்கும். மாறாக, நாள் முழுவதும் ஏ.சி. ஓடும் அறையில் காற்று வறண்டு பலகை சுருங்கும். கிட்டார் பெட்டிக்குள் வைத்தால் ஈரத்தைச் சீராக்கும் பொட்டலங்களைப் போட்டு இதைச் சமாளிக்கலாம். சுவரில் தொங்கும் கிட்டாருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே முழுமரப் பலகையால் செய்த விலையுயர்ந்த அக்கூஸ்டிக்கைப் பெட்டியிலேயே வைத்திருப்பதுதான் சரி. ஒட்டுப்பலகை உடல் கொண்ட சாதாரண அக்கூஸ்டிக்கும், தடித்த பூச்சுள்ள எலக்ட்ரிக் கிட்டாரும் சுவருக்குத் தாராளமாகப் பொருந்தும். எடுக்க எளிதாகக் கண்முன்னே இருக்கும் கிட்டார்தான் அடிக்கடி வாசிக்கப்படுகிறது என்பதால், கற்றுக்கொள்பவர்களின் வீட்டில் இது சிறிய நன்மை அல்ல.

வெளிச்சுவர் தவிர்க்கப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய சுவரின் ஓதம் உட்பக்கம் வரை வரும். கோடையில் மேற்குச் சுவர் மாலை முழுவதும் வெப்பத்தைக் கக்கும். குளியலறையைப் பகிரும் சுவரில் ஓதத்தோடு தண்ணீர்க் குழாயும் இருக்கும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் பூச்சு மஞ்சளாகும். ஏ.சி.யின் காற்று நேரே வீசும் இடம், கதவு திறந்தால் இடிக்கும் இடம், கட்டிலின் தலைமாட்டுக்கு மேல், இவையும் வேண்டாம். எஞ்சி நிற்பது பெரும்பாலும் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவர்தான்.

அந்தச் சுவர் எதனால் ஆனது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஹேங்கரின் அட்டையில் இத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பது கொக்கியின் வலிமையை. வீட்டுச் சுவரின் வலிமையை அல்ல. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 4 கிலோ கிட்டார் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொங்குகிறது, தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்கள் 5 செ.மீ. இடைவெளியில் மேலும் கீழுமாக இருக்கின்றன. மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 8 கிலோ. அவசரமாக மாட்டும்போதும், எடுக்கும்போது கை தவறி இழுக்கும்போதும் அது இன்னும் கூடும். நல்ல செங்கலில் சரியாக இறங்கிய ஸ்க்ரூ இதைப்போல் பல மடங்கு தாங்கும். உதிரும் பூச்சில் நிற்கும் ஸ்க்ரூ இதையே தாங்காது.

ஹேங்கரோடு வரும் ஸ்க்ரூக்களில் பல, சுவருக்குள் மரச்சட்டம் நிற்கும் அமெரிக்க வீடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே ஸ்க்ரூ நேராக மரத்தில் ஏறிவிடும். செங்கல் சுவரில் ஸ்க்ரூவுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பிளக் வேண்டும். இங்கிலாந்தில் ஜான் ராலிங்ஸ் 1910-களில் நாரால் செய்த பிளக்கைக் கொண்டுவந்தார். கொத்தனார்களும் எலக்ட்ரீஷியன்களும் இன்றும் சொல்லும் 'ரால் பிளக்' அவர் பெயரில் வந்தது. ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் நைலான் பிளக்கை உருவாக்கினார். ஸ்க்ரூ உள்ளே ஏற ஏற பிளக் விரிந்து துளையின் பக்கங்களை அழுத்துகிறது. அந்த அழுத்தமே பிடிமானம். பிளக் கிடைத்த பிறகு, சுவரைக் கொத்தி மரக்கட்டையை அடித்து அதில் ஆணி இறக்கும் வேலை பெரும்பாலும் மறைந்துவிட்டது.

தமிழ்நாட்டு வீடுகளில் செங்கல்லின் மேல் சிமெண்ட் பூச்சு 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். ஹேங்கரோடு வரும் 25, 30 மி.மீ. பிளக்கின் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ இந்தப் பூச்சுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஹேங்கர் பெயர்ந்து விழுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. 8 மி.மீ. குறுக்களவும் குறைந்தது 40 மி.மீ. நீளமும் உள்ள நைலான் பிளக், அதற்கு 5 மி.மீ. தடிமனில் 50 மி.மீ.க்குக் குறையாத ஸ்க்ரூ என்று தனியாக ஹார்ட்வேர் கடையில் வாங்கிக்கொள்வது சில ரூபாய்ச் செலவுதான். பூச்சு தடிமனாக இருந்தால் 50, 60 மி.மீ. பிளக் போட வேண்டும்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இதற்கெல்லாம் உகந்தது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரும் போதும், ஆனால் டிரில்லை அழுத்தி இடிக்காமல் பொறுமையாக இறக்க வேண்டும். அலுமினிய அச்சில் முழுச் சுவரையும் கான்க்ரீட்டாக வார்க்கும் புதிய அடுக்குமாடிகளில் பிடிமானம் அபாரம். சாதாரண டிரில் மட்டும் திணறும், ரோட்டரி ஹாமர் தேவைப்படும். உள்ளே இரும்புக் கம்பியில் முட்டினால் துளையை நகர்த்துவதே வழி. ஹாலோ பிளாக் சுவரில் துளை ஓட்டையான நடுப்பகுதிக்குள் போய்விட்டால் சாதாரண பிளக் விரிந்தும் பயனில்லை; உள்ளே போய் முடிச்சாகச் சுருண்டுகொள்ளும் வகை பிளக் வேண்டும். எடை குறைந்த ஏஏசி பிளாக் மிருதுவானது. அதில் ஹாமர் முறையை அணைத்துவிட்டுத் துளையிட வேண்டும். அதற்கென்றே வரும் மறைகள் வெட்டிய பிளக்கைப் பயன்படுத்த வேண்டும். ஜிப்சம் போர்டுத் தடுப்பில் 12.5 மி.மீ. பலகை மட்டுமே இருப்பதால், பின்னாலுள்ள உலோகச் சட்டத்தைத் தேடிப் பிடித்தாக வேண்டும்.

எந்தச் சுவர் என்றே நிச்சயமில்லாத இடத்தில், 18 மி.மீ. பிளைவுட் அல்லது தேக்குப் பலகை ஒன்றை நான்கைந்து இடங்களில் சுவரோடு ஸ்க்ரூ போட்டு, ஹேங்கரைப் பலகையில் பொருத்துவது மிகச் சிறந்த வழி. சுமை பரவுகிறது. ஒரு துளை பழுதானாலும் மற்றவை பிடிக்கின்றன. இரண்டு மூன்று கிட்டார்களை விரும்பிய இடைவெளியில் மாட்டவும் முடிகிறது.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சில் மட்டும் எந்தத் துளையும் போடக் கூடாது. அதைப் பழையபடி பூசத் தெரிந்த கொத்தனார் இன்று அரிது. அங்கே தரையில் நிற்கும் ஸ்டாண்டே போதும்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் மொத்த நீளம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். கவட்டையிலிருந்து கீழே தொங்குவது 85 செ.மீ. அளவு. ஹேங்கரைத் தரையிலிருந்து 170 செ.மீ. உயரத்தில் வைத்தால் கிட்டாரின் அடிப்பகுதி 85 செ.மீ. உயரத்தில் நிற்கும். துடைப்பமும் தவழும் குழந்தையும் தொடாது. பெரியவர்கள் கையை எக்காமல் எடுக்கலாம். ட்ரெட்நாட் வகை அக்கூஸ்டிக்கின் அகலம் 40 செ.மீ. என்பதால், பக்கத்துப் பக்கத்தில் மாட்டும்போது ஹேங்கர்களுக்கு நடுவில் 50 செ.மீ. விட வேண்டும். இடம் குறைவென்றால் ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக மாட்டலாம்.

துளையிடும் முன் மின்சார வயரின் பாதையை யோசிக்க வேண்டும். சுவருக்குள் புதைத்த குழாய்கள் பெரும்பாலும் ஸ்விட்ச் போர்டிலிருந்து நேர் மேலேயோ நேர் கீழேயோ போகும். அந்தக் கோட்டையும், விளக்கு மாட்டிய இடத்துக்கு நேரான கோட்டையும் விட்டு விலக வேண்டும். வேலை முடியும்வரை அந்த அறையின் மின்சுற்றை அணைத்து, வேறு அறையிலிருந்து டிரில்லுக்கு மின்சாரம் எடுப்பது பாதுகாப்பு. தகட்டைச் சுவரில் வைத்து, ரசமட்டத்தால் நேர் பார்த்து, பென்சிலால் துளைகளைக் குறிக்க வேண்டும். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது, பெயிண்ட் பெயராது. 8 மி.மீ. மேசன்ரி பிட்டில் 55 மி.மீ. தொலைவில் (நீளமான பிளக் என்றால் அதற்கேற்பக் கூட்டி) இன்னொரு டேப் துண்டைச் சுற்றினால் ஆழம் தவறாது. துளையிலிருந்து வரும் தூளின் நிறமே சுவரைக் காட்டிக்கொடுக்கும்: முதலில் சாம்பல், பிறகு சிவப்பு வந்தால் செங்கல். செங்கல் சுவரிலும் சாம்பலே தொடர்ந்தால் செங்கற்களுக்கு இடையிலுள்ள கலவையில் துளை போகிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்திப் போடலாம். தூளை ஊதி வெளியேற்றிய பிறகே பிளக்கைத் தட்ட வேண்டும். தூள் அடைத்த துளையில் பிளக் முழுதாக இறங்காது. பிளக் சுவரோடு சமமாக நிற்க வேண்டும். கையால் தள்ளினாலே உள்ளே போகுமளவுக்குத் தளர்வாக இருந்தால் அந்தத் துளையை நம்பக் கூடாது. ஸ்க்ரூவைக் கடைசியில் கையால் முடுக்குவது நல்லது. மெஷினால் முடுக்கும்போது ஒரு சுற்று கூடிவிட்டால் பிளக் உள்ளேயே சுழன்று பிடி விட்டுப்போகும்.

உடனே கிட்டாரை மாட்ட வேண்டியதில்லை. பத்து கிலோ அரிசிப் பையை ஓர் இரவு தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். காலையில் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால், ஸ்க்ரூவைக் கழற்றி நீளமான பிளக்கோடு மறுபடி போட வேண்டும். கிட்டாரை மாட்டும்போதும் கம்பிகளைத் தளர்த்தத் தேவையில்லை. வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் தூசி தட்டுவதும், மழைக்காலம் முடிந்ததும் ஸ்க்ரூக்களை ஒருமுறை முடுக்கிப் பார்ப்பதும், மெத்தை வெடித்திருந்தால் மாற்றுவதுமே பராமரிப்பு.

வாடகை வீட்டில் துளைக்கு உரிமையாளரின் சம்மதம் தேவை. அதற்காக ஒட்டும் கொக்கிகளை நாடுவது பெரிய தவறு. அவற்றின் பசை பெயிண்டைத்தான் பிடிக்கிறது. கிட்டாரின் எடையில் பெயிண்ட் அடுக்கே உரிந்து வந்துவிடும். வீட்டைக் காலி செய்யும்போது பிளக்கில் ஸ்க்ரூவைப் பாதி ஏற்றி, இடுக்கியால் ஸ்க்ரூவோடு சேர்த்துப் பிடுங்கி, துளையில் வால் புட்டியை இரண்டு முறையாக அடைத்து, காய்ந்ததும் தேய்த்துப் பெயிண்ட் தொட்டால் சுவர் பழையபடி ஆகிவிடும்.