மூக்குக்கு எட்டாத அழைப்பு

நிலக்கடலைக் காட்டிலோ பருத்திக் காட்டிலோ இதைப் பார்த்திருப்பீர்கள். பயிருக்குச் சற்று மேலே ஒரு குச்சி நட்டிருக்கும். அதில் ஒரு பிளாஸ்டிக் புனல், புனலுக்கு மேலே ஒரு மூடி, கீழே நீளமான பாலித்தீன் பை. காலையில் போய்ப் பார்த்தால் பைக்குள் பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் கிடக்கும். உள்ளே விளக்கு கிடையாது, தேன் கிடையாது. மூடியின் அடியில் விரல்நுனி அளவு ரப்பர் துண்டு ஒன்றுதான் செருகியிருக்கும். கிட்டே போய் முகர்ந்தாலும் நமக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் பையில் விழுந்த பூச்சிகளை எடுத்து ஆராய்ந்தால் வியப்பாக இருக்கும். கிட்டத்தட்ட அத்தனையும் ஆண்!

இதுதான் இனக்கவர்ச்சிப் பொறி. ரப்பர் துண்டை உரக்கடைகளில் ‘லூர்’ என்பார்கள். ஆணை அழைப்பதற்காகப் பெண் பூச்சி தன் உடலிலிருந்து காற்றில் விடும் பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து, அந்த ரப்பரில் ஊற வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஃபெரமோன். இரவில் அந்த வழியாகப் பறக்கும் ஆண், அங்கே பெண் இருக்கிறது என்று நம்பி வந்துவிடுகிறது.

இப்படி ஓர் அழைப்பு இருக்கிறது என்பது எப்படித் தெரிந்தது? பிரான்சு நாட்டின் தென்பகுதியில், செரிஞான் என்ற சிற்றூரில், ஜான் ஆன்ரி ஃபாபர் என்ற பூச்சியியல் அறிஞர் வாழ்ந்தார். 1823-ல் பிறந்து 1915-ல் மறைந்தவர். ஒரு மே மாதக் காலையில் அவருடைய மேசைமீது இருந்த கூட்டிலிருந்து ‘பெரு மயில்’ என்னும் பெண் அந்துப்பூச்சி வெளிவந்தது. ஐரோப்பாவிலேயே பெரிய அந்துப்பூச்சி அது. ஃபாபர் அதைக் கம்பி வலைக் கூண்டால் மூடிவைத்தார். அன்றிரவு அவருடைய சின்ன மகன் கூச்சல் போட்டு அழைக்க, ஓடிப் போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் பறவைகள் அளவுக்குப் பெரிய பூச்சிகள் பறக்கின்றன. ஏறத்தாழ நாற்பது ஆண் பூச்சிகள், இருட்டில், மரங்களைத் தாண்டி, திறந்திருந்த சன்னல்கள் வழியாக அந்த ஒரு பெண்ணைத் தேடி வந்திருந்தன.

எப்படி வழி கண்டுபிடித்தன? கண்ணாலா, காதாலா, மணத்தாலா? ஃபாபர் சும்மா இருப்பவர் இல்லை. பெண் பூச்சியைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைத்துப் பார்த்தார். ஓர் ஆண்கூட வரவில்லை. அறை முழுவதும் நாப்தலின் நெடி பரவச் செய்தார்; ஆண்கள் அதைப் பொருட்படுத்தாமல் வந்தன. வேறொரு வகை அந்துப்பூச்சியை வைத்து அவர் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரவு முழுவதும் மணல் பரப்பிய ஒரு கம்பிக் கூண்டுக்குள் இருந்த பெண்ணை எடுத்து, கண்ணாடிக் குடுவையால் மூடி, எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். காலியான பழைய கூண்டை அறையின் ஒரு மூலையில் வைத்தார். பறந்து வந்த ஆண்கள் கண்ணெதிரே இருந்த பெண்ணைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. நேராக மூலைக்குப் போய், யாரும் இல்லாத கூண்டைச் சுற்றிச் சிறகடித்தன! பெண் உட்கார்ந்திருந்த மணலில்தான் அவற்றுக்கு வேண்டியது இருந்தது.

அது என்ன பொருள் என்று அறிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புட்டெனான்ட் பட்டுப்பூச்சியைத் தேர்ந்தெடுத்தார். பெண் பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கும் சுரப்பியில்தான் அந்தப் பொருள் இருக்கிறது. ஆனால் ஒரு பூச்சியிடம் இருப்பதோ எடைபோட முடியாத அளவு. அவரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து, சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளைச் சேர்த்தார்கள். கடைசியில் கிடைத்தது சில மில்லிகிராம்! 1959-ல் அந்தப் பொருளின் அமைப்பை உலகுக்கு அறிவித்தார்கள். அதற்குப் பாம்பிகால் என்று பெயர். அறிவியல் வரலாற்றில் இவ்வளவு பொறுமையான வேலைகள் அதிகம் இல்லை.

இத்தனை குறைந்த பொருளை ஆண் பூச்சி எப்படி உணர்கிறது? அதன் தலையில் உள்ள இரண்டு உணர்கொம்புகளைப் பாருங்கள். சீப்புப் பற்கள்போலக் கிளைவிட்டு அகன்றிருக்கும். ஆண் பட்டுப்பூச்சியின் ஒவ்வொரு உணர்கொம்பிலும் பாம்பிகாலை உணர்வதற்காகவே சுமார் 17,000 நுண்ணிய மயிர்கள் உள்ளன. அந்த மயிரில் பாம்பிகாலின் ஒரே ஒரு மூலக்கூறு பட்டாலும் நரம்பில் ஒரு துடிப்பு எழுகிறது. ஒரே ஒரு மூலக்கூறு! அதைவிடச் சிறிய அளவு பாம்பிகால் என்று ஒன்று இருக்கவே முடியாது.

உணர்ந்தால் மட்டும் போதாதே, வந்து சேரவும் வேண்டும். பெண் விடும் பொருள் காற்றில் ஒரே சீராகப் பரவுவதில்லை. இழை இழையாகப் பிரிந்து, நெளிந்து மிதக்கிறது. ஆண் பூச்சி ஓர் இழையைத் தொட்டதும் காற்றை எதிர்த்து முன்னே பாய்கிறது. இழை கைவிட்டுப் போனால் இடமும் வலமுமாக அலைந்து தேடுகிறது. மறுபடி தட்டுப்பட்டால் மறுபடி பாய்ச்சல். ஆகவே லூர் வைத்து அந்துப்பூச்சி பார்க்க நினைப்பவர்கள் முதலில் காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்ப்பார்கள். பூச்சி வருவது எப்போதும் காற்று போகும் திசையிலிருந்துதான்.

இன்னொரு கேள்வி. காட்டில் பல வகை அந்துப்பூச்சிகள் ஒரே இரவில் அழைக்கும்போது குழப்பம் வராதா? பெரும்பாலும் வராது. பெரும்பாலான வகைகள் சில பொருள்களைத் தமக்கே உரிய அளவில் கலக்கின்றன. மக்காச்சோளத்தைத் துளைக்கும் ஐரோப்பியப் பூச்சி ஒன்றில் இரண்டு கூட்டங்கள் உண்டு. இரண்டும் பயன்படுத்துவது அதே இரண்டு பொருள்களைத்தான். ஒரு கூட்டத்தில் 97 பங்குக்கு 3 பங்கு. மற்றதில் 1 பங்குக்கு 99 பங்கு. அதே புளியும் அதே பருப்பும் அளவு மாறினால் ஒன்று ரசம், ஒன்று சாம்பார் ஆகிவிடுகிறது அல்லவா? ஒரு கூட்டத்து ஆண் மற்றக் கூட்டத்துப் பெண்ணிடம் பெரும்பாலும் போவதில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகிறது தெரியுமா? ஆசியப் பெண் யானை இணைசேரும் பருவத்தில் தன் சிறுநீரில் ஒரு பொருளை வெளியிட்டு ஆண் யானைக்குச் செய்தி சொல்கிறது. 1996-ல் அந்தப் பொருளை ஆராய்ந்தவர்கள் திகைத்துப் போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சி வகைகள், பெரும்பாலும் அந்துப்பூச்சிகள், அழைப்புக் கலவையில் சேர்க்கும் அதே பொருள்! ஆனாலும் யானையைத் தேடி அந்துப்பூச்சி போவதில்லை. யானையிடம் கலவையின் மற்றப் பொருள்கள் இல்லை. அந்துப்பூச்சி விடும் துளி யானையின் தும்பிக்கைக்கு எட்டுவதும் இல்லை.

லூர் முதலில் உழவர்களுக்காக வந்தது. எந்தப் பூச்சி, எப்போது, எத்தனை வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். பிரிட்டனில் இதை இயற்கை ஆர்வலர்களும் கையில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சிகள் என்று ஒரு குடும்பம் உண்டு. சிறகில் செதில்கள் குறைவாக இருப்பதால் அந்தப் பக்கம் தெரியும். பலவற்றின் உடலில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள். குளவி என்று நினைத்துப் பறவைகளே ஒதுங்கிவிடும். புழுவாக இருக்கும்போது மரத்தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் ஒளிந்து வாழும். வெளிவந்த பிறகு பகலில் பறந்தாலும் கண்ணில் படுவது அரிது. பல காலம் பூச்சி சேகரிப்பவர்கள் மரத்தில் அவை விட்டுச்சென்ற துளைகளை மட்டுமே பார்த்துத் திருப்தி அடைந்தார்கள். இப்போது சரியான லூரை ஒரு கிளையில் தொங்கவிட்டால், அந்த இடத்தில் பூச்சி இருந்தால், பல வேளைகளில் சில நிமிடங்களிலேயே வந்துவிடுகிறது! அரிது என்று எழுதிவைத்த சில வகைகள் பல ஊர்களில் இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

ஆனால் இதில் ஒரு கவலையும் உண்டு. அங்கே புல்வெளி மேடுகளில் பறக்கும் பேரரசன் அந்துப்பூச்சி வளர்ந்த பிறகு எதையும் உண்பதில்லை. புழுப் பருவத்தில் தின்று சேர்த்ததுதான் அதன் முழுக் கையிருப்பு. அந்த ஆண் பொய்யான அழைப்பைச் சுற்றிச் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உண்மையான பெண்ணைத் தேட வேண்டிய நிமிடம். எனவே பூச்சி வந்ததும் பார்த்து, படம் எடுத்து, லூரை உடனே காற்றுப் புகாத டப்பாவில் மூடிவிட வேண்டும். நாள் முழுக்கத் தொங்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெறும் கையால் லூரைத் தொடவும் கூடாது. விரலில் ஒட்டிய பொருள் அடுத்த லூரில் கலந்தால் கணக்கே தப்பிவிடும்.

லூர் இல்லாமலும் இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, உடுமலைப்பேட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்கள் துணையோடு கேட்டு, உயிருள்ள சில கூடுகளை வாங்கி வாருங்கள். புழு கூடு கட்டியதிலிருந்து சுமார் இரண்டு வாரத்தில் பூச்சி வெளிவரும். வயிறு பருத்தது பெண். ஆண் மெலிந்திருக்கும், ஓயாமல் நடமாடும். பல தலைமுறைகளாக மனிதர் வளர்த்ததால் இவற்றால் பறக்க முடியாது; ஆகவே துரத்த வேண்டியதில்லை.

பெண் ஒரு வெள்ளைத் தாளில் சில மணி நேரம் இருக்கட்டும். வயிற்று நுனியிலிருந்து இரண்டு மஞ்சள் சுரப்பிகள் வெளியே துருத்துவதைப் பார்க்கலாம்; அப்போது அழைப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு பெண்ணை மூடியிட்ட கண்ணாடிக் குப்பியில் விட்டு, ஆணின் பக்கத்தில் வையுங்கள். அது பேசாமல் இருக்கிறதா? அடுத்து, பெண் இருந்த தாளைக் கொண்டு வாருங்கள். ஆண் சிறகுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு நடக்கத் தொடங்குகிறதா? மெல்ல விசிறிப் பாருங்கள்: தாளின் பக்கமிருந்து ஒரு முறை, எதிர்ப் பக்கமிருந்து ஒரு முறை. நேரத்தையும் ஆண் செய்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் இரண்டையும் ஒரே தட்டில் விட்டுவிடுங்கள். இந்தப் பூச்சிகளும் உண்பதில்லை. வாழ்வதும் சில நாட்களே. அதற்குள் அந்தப் பெண் நானூறு முட்டைகள் வரை இட வேண்டியிருக்கிறது.