ஏப்ரல் பனியில் கருகிய துளிர்

2021 மார்ச் கடைசியில் பிரான்சின் பல ஊர்களில் வெயில் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. கோடைக்காலமே வந்துவிட்டதுபோல் இருந்த அந்த நாள்களில் திராட்சைக் கொடிகள் மளமளவென்று துளிர்விட்டன. அடுத்த வாரமே, ஏப்ரல் 6 முதல் 8 வரையிலான இரவுகளில், சில இடங்களில் வெப்பநிலை மைனஸ் 5 டிகிரி வரை இறங்கியது.

விவசாயிகள் விடிய விடியத் தூங்கவில்லை. வரிசை வரிசையாக வாளிகளில் பாரஃபின் மெழுகை ஏற்றினார்கள், வைக்கோலைக் கொளுத்தினார்கள். மேலே தங்கியிருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ள ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட்டவர்களும் உண்டு. ரோன் பள்ளத்தாக்கில் எழுந்த புகை லியோன் நகரம்வரை பரவியது.

ஷாப்லி ஒயின் பகுதியில் கையாளும் இன்னொரு முறை பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். கொடிகள் மீது இரவெல்லாம் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். தெளிப்பு நிற்காதவரை, கண்ணாடிக்கூடு போன்ற பனிக்கட்டிக்குள் இருக்கும் துளிரின் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும், துளிர் பிழைத்துக்கொள்ளும். நடுவில் தண்ணீர் நின்றால் அந்தக் கூடே எமனாகிவிடும்.

பூமி சூடாகிறது என்றால் பனிச்சேதம் குறைய வேண்டாமா? இங்கேதான் சிக்கல். மூடிய மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். விரிந்த துளிரில் நீர்ச்சத்து அதிகம். மைனஸ் 2, 3 டிகிரியிலேயே கருகிவிடும். வெப்பம் கூடக்கூட துளிர்க்கும் நாள் முன்னே வந்துகொண்டிருக்கிறது. கடைசிப் பனி அதே வேகத்தில் விலகவில்லை. உறைபனி இரவுகள் மொத்தத்தில் குறைந்தும் சேதம் கூடுவது இதனால்தான். 2021 பனியை ஆராய்ந்த உலக வானிலைக் காரணி ஆய்வுக் குழு, துளிர்விட்ட பிறகு இப்படியொரு பனி தாக்கும் வாய்ப்பைக் காலநிலை மாற்றம் சுமார் 60 சதவீதம் கூட்டியிருப்பதாகக் கணித்தது.

கொடியின் அவசரத்துக்குப் பழைய கணக்கேடுகளே சாட்சி. பிரான்சின் பர்கண்டி வட்டாரத்திலுள்ள போன் நகரில் 1354 முதல் அறுவடை தொடங்கிய தேதிகள் கிடைக்கின்றன. பல நூற்றாண்டுகளாக அது சராசரியாகச் செப்டம்பர் 28 வாக்கில் தொடங்கியது. 1988-க்குப் பிறகு சுமார் 13 நாள் முந்திவிட்டது.

முதல் துளிர் கருகினால் கொடி பக்கமொட்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆனால் அதில் குலைகள் சொற்பம். பின்னால் வந்த மழையும் பூஞ்சை நோயும் சேர்ந்துகொள்ள, 2021-இல் பிரான்சின் ஒயின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

கவாத்தைத் தள்ளிப்போட்டால் துளிர்ப்பைச் சில நாள் தாமதப்படுத்தலாம். பலர் இப்போது அதைச் செய்கிறார்கள். தாமதமாகத் துளிர்க்கும் ரகங்களையும் தேடுகிறார்கள். புதிய கொடி நட்டால் பலன் வர மூன்று ஆண்டுகளாவது பிடிக்கும். அதற்குள் 2022 ஏப்ரல் முதல் வாரத்திலேயே பனி மறுபடி இறங்கியது. ஷாப்லி சரிவுகளில் நள்ளிரவில் மெழுகு வாளிகள் மீண்டும் எரிந்தன.