பிளக் ஏன் கருகியது?

ஒரு வீடு. மாலை நேரம். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. மகன் புதிதாக ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்தான். அதன் பிளக் பெரியது. சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் சிறியது. கடையில் ஒரு கன்வர்ட்டர் வாங்கி மாட்டினார்கள். பால் பொங்கியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நான்காம் நாள் கருகல் வாடை வந்தது. அம்மா பாலைப் பார்த்தார். பால் தீயவில்லை. சுவரைப் பார்த்தார். பிளக் உருகிக்கொண்டிருந்தது!

அம்மா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். வீடு பிழைத்தது.

மறுநாள் ஒயர்மேன் வந்தார்.

"தம்பி, அடுப்பு புதுசு. பிறகு ஏன் இப்படி ஆச்சு? இது ஹை வோல்டேஜ் அடுப்பா?"

"இல்லை அம்மா. பல்புக்கு வருவதும் 230 வோல்ட். அடுப்புக்கு வருவதும் அதே 230 வோல்ட்தான். அடுப்பு இழுக்கிற கரண்டுதான் அதிகம்."

அது எப்படி? நாமும் தெரிந்துகொள்வோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒவ்வொரு மின்சாதனத்தின் மீதும் 'வாட்' என்று ஓர் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணை 230-ஆல் வகுங்கள். எத்தனை ஆம்பியர் கரண்டு ஓடும் என்று தெரியும்.

எல்.இ.டி. பல்பு 9 வாட். இதற்கு ஒரு ஆம்பியரில் சிறு பங்கே போதும்.
மிக்சி 750 வாட். சுமார் 3 ஆம்பியர்.
வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் 1500 வாட். சுமார் ஆறரை ஆம்பியர்.
இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட். சுமார் 9 ஆம்பியர்.

சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர் வரைதான் தாங்கும். பெரியது 16 ஆம்பியர் தாங்கும். அந்த வீட்டில் 6 தாங்கும் இடத்தில் 9 ஓடியது. கன்வர்ட்டர் துளையின் அளவைத்தான் மாற்றும். சுவருக்குள் இருக்கும் ஒயரைப் பருமனாக்காது.

கரண்டு ஓடினால் ஒயர் சூடாகும். கரண்டு இரண்டு மடங்கு ஆனால் சூடு நான்கு மடங்கு ஆகும். மூன்று மடங்கு ஆனால் சூடு ஒன்பது மடங்கு! பிளக் தளர்வாக இருந்தால் அந்த இடம் இன்னும் அதிகமாகச் சூடாகும். முதலில் வாடை வரும். பிறகு உருகும். பிறகு தீப்பிடிக்கும்.

நம் வீடுகளின் நிலை

2017-ஆம் ஆண்டு மத்திய அரசு சௌபாக்யா திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் 2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் மின் இணைப்புப் பெற்றன. அதில் ஏழை வீடுகளுக்குச் செய்து தந்த ஒயரிங் ஒரு விளக்குக்கும், செல்போன் சார்ஜ் செய்யவும்தான். அதே ஒயரில் இன்று மிக்சி ஓடுகிறது. ஹீட்டர் ஓடுகிறது. இண்டக்‌ஷன் அடுப்பும் வந்துவிட்டது. ஒற்றை மாட்டு வண்டியில் லாரி பாரத்தை ஏற்றலாமா?

ஃபியூஸ் நம் காவல்காரன்

"ஃபியூஸ் அடிக்கடி போச்சு தம்பி. பெரியவன்தான் தடிமனான கம்பி போட்டுக் கட்டினான்."

"அங்கேதான் தப்பு அம்மா. கரண்டு அளவு மீறினால் ஃபியூஸ் கம்பி உருகி அறுந்துபோகும். சுவருக்குள் இருக்கிற ஒயர் தப்பிக்கும். தடிமனான கம்பி போட்டால் அது அறுந்து போகாது. உள்ளே இருக்கிற ஒயர்தான் எரியும்."

ஃபியூசுக்குப் பதில் எம்.சி.பி. என்ற சுவிட்சும் வைக்கலாம். கரண்டு அளவு மீறினால் அது தானே விழுந்துவிடும். விழுந்தால் உடனே தூக்கிவிடாதீர்கள். ஏன் விழுந்தது என்று பாருங்கள்.

மூன்றாவது பின் எதற்கு?

பிளக்கில் ஒரு பின் மட்டும் தடிமனாக, நீளமாக இருக்கும். அதுதான் எர்த். சாதனத்தின் இரும்பு உடலில் கரண்டு கசிந்தால் எர்த் ஒயர் அதை மண்ணுக்குக் கொண்டுபோகும். எர்த் இல்லாவிட்டால் கரண்டு நம் உடல் வழியாக மண்ணுக்குப் போகும். ஈரக் கையும் ஈரத் தரையும் இருந்தால் உயிரே போகலாம்.

சிலர் அந்தப் பின்னை வெட்டிவிடுகிறார்கள். சிலர் பிளக் இல்லாமல் ஒயரைத் துளையில் செருகித் தீக்குச்சியால் இறுக்குகிறார்கள். இரண்டும் எமனை வீட்டுக்கு அழைப்பதுதான்.

ஆர்.சி.சி.பி. என்று ஒரு கருவி உண்டு. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்க்கும். கசிவு இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை ஏற்றது.

என்ன செய்ய வேண்டும்?

அந்த வீட்டில் ஒயர்மேன் மெயின் போர்டிலிருந்து சமையலறைக்குத் தனி ஒயர் இழுத்தார். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் போதும். அடுப்புக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டார். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், தனி எம்.சி.பி., எர்த் எல்லாம் வைத்தார்.

நீங்களும் இவற்றை நினைவில் வையுங்கள்:

உரிமம் பெற்ற ஒயர்மேனை மட்டும் அழையுங்கள்.
ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.
ஒரே பாயிண்டில் ஹீட்டரையும் அடுப்பையும் சேர்த்து மாட்டாதீர்கள்.
பெரிய சாதனம் வாங்கினால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி மின்பளுவை உயர்த்திக்கொள்ளுங்கள்.
மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை அணையுங்கள். உலர்ந்த மணலைக் கொட்டுங்கள்.
ஷாக் அடித்தவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? இன்றே காட்டிக் கொடுங்கள்.