ஓரிரவுச் சந்திப்பும் தன்னடையாளமும்: 'வீக்கெண்ட்' திரைப்படத்தை முன்வைத்து

தற்பாலீர்ப்புடைய ஆடவரிடையே நிலவும் ஓரிரவுச் சந்திப்புகளைத் தனித்தியங்கும் திரைப்படங்கள் சில அடையாளத் தேடலின் களமாகக் காட்டியுள்ளன. அவ்வகையில் ஆண்ட்ரூ ஹெய்க் இயக்கத்தில் 2011இல் வெளிவந்த 'வீக்கெண்ட்' என்னும் பிரித்தானியப் படத்தை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரமே கதைக்களம். நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளராகப் பணிபுரியும் ரஸ்ஸல், வெள்ளிக்கிழமை இரவு கேளிக்கை விடுதியொன்றில் கிளென் என்னும் கலைஞனைச் சந்திக்கிறான். மறுநாள் காலை, படுக்கையிலேயே கிளென் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டி, முந்தைய இரவை விவரிக்கச் சொல்கிறான். இஃது அவனது கலைத்திட்டம். முன்பின் அறியாதவரோடு கூடும்போது மனிதன் எழுதப்படாத பலகையாகிறான். தான் யாராக விரும்புகிறானோ அவ்வுருவை அதில் வரைகிறான். அவ்வுருவுக்கும் உண்மை நிலைக்கும் உள்ள இடைவெளியே அவனைத் தடுப்பது எதுவெனக் காட்டும் என்பது கிளெனின் கருத்து. படத்தின் திறவுகோல் இதுவே எனலாம். நாணத்தோடு தயங்கும் ரஸ்ஸலும் தன் சந்திப்புகளைக் கணினியில் மறைவாக எழுதி வருபவன் என்பது பின்னர்த் தெரியவருகிறது. ஒருவன் பிறரைப் பேசவைக்கிறான். மற்றவன் தனக்குள் எழுதிக்கொள்கிறான்.

ரஸ்ஸல் பெற்றோரை அறியாது வளர்ந்தவன். தன்னியல்பை அறிவிக்க அவனுக்குத் தந்தை இல்லை. எனவே கிளென் தந்தையாக நடிக்க, அவனிடம் ரஸ்ஸல் அதனைச் சொல்கிறான். உடலுறவுக் காட்சிகளைவிட இக்காட்சியே நெருக்கமானது என்பது என் துணிபு. அடையாளம் என்பது உள்ளத்தே உணரப்படுவதோடு நில்லாது, கேட்பவர் ஒருவரை வேண்டி நிற்பதும் ஆகும் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

திருமணம் குறித்தும் இருவரும் வாதிடுகின்றனர். பிரித்தானியாவில் 2005 முதல் குடிமை இணையர் பதிவு நடைமுறையிலிருந்தது. இங்கிலாந்தில் தற்பாலினத் திருமணச் சட்டம் 2013இல்தான் நிறைவேறியது. ஆகவே, அவ்வாதம் அக்காலத்துக்கே உரியது.

தமிழாசிரியர் கருத வேண்டிய ஒன்று இங்குண்டு. நம்மிடையே நெடுங்காலம் வழங்கிய 'ஓரினச்சேர்க்கை' என்னும் சொல் செயலை மட்டுமே சுட்டுகிறது, ஆளைச் சுட்டுவதில்லை. வெள்ளியிரவுச் செயலிலிருந்து ஞாயிறன்று ஓர் ஆளை வந்தடையும் இப்படத்தை அச்சொல்லால் விளக்கவியலாது. 'தற்பாலீர்ப்பு' என்பது அக்குறையை ஓரளவு நீக்குகிறது.

இறுதியில் கிளென் அமெரிக்காவின் போர்ட்லாண்டுக்குப் படிக்கச் செல்கிறான். தொடர்வண்டி நிலையத்தில் அவன் விட்டுச்செல்வது அந்த ஒலிப்பதிவுக் கருவியையே. சாளரத்தருகே தனித்து நின்று ரஸ்ஸல் தன் குரலைக் கேட்கிறான்.