செவிலியரும் அவர்தம் சங்கமும்

நோயுறுதல் உடம்பொடு கூடிய உயிர்க்கு இயல்பு. மருத்துவரும் மருந்தும் இருப்பின் அந்நோய் நீங்கிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். திருவள்ளுவர் அங்ஙனம் எண்ணினார் அல்லர். நோயுற்றவன், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தை ஊட்டிப் பேணுபவன் என, மருத்துவத்தை அவர் நான்கு கூறாக வகுத்துரைத்தார். மருத்துவர் ஒரு நாளில் நோயாளியின் அருகே நிற்பது சிறிது நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் உடனிருப்பவர் நான்காம் கூறாகிய பேணுநரே. நாடியும் வெப்பமும் பார்த்துக் குறித்தல், வேளை தவறாது மருந்து கொடுத்தல், புண்ணைத் தூய்மை செய்து கட்டுதல், நள்ளிரவில் நோயாளியின் மூச்சு மாறுபடின் அதனை முதற்கண் அறிந்து மருத்துவரை அழைத்தல் ஆகிய பணிகளெல்லாம் அவருடையனவே.

இப்பணி செய்வாரை நாம் செவிலியர் என்கிறோம். பழந்தமிழ் அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தெடுக்கும் வளர்ப்புத்தாய்க்குச் செவிலி என்று பெயர். அவள் ஈன்றவள் அல்லள். எனினும் அன்பில் ஈன்ற தாய்க்குச் சிறிதும் குறைந்தவள் அல்லள். அப்பெயர் இன்று மருத்துவமனையில் தொண்டு புரிவார்க்கு வழங்குதல் மிகவும் பொருத்தமே. ஆயினும், பெயர் இனிதாயிருப்பதனால் மட்டும் வாழ்வு இனிதாகிவிடாது. தம் தொழிலுக்கு மதிப்பும் முறைமையும் தேடிச் செவிலியர் ஒன்றுகூடி உழைத்த வரலாறு நாம் அறியத்தக்கது.

செவிலியர் தொழில் பயிற்சியின்பாற்பட்டது என்பதை உலகம் உணரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில் ஆகும். 1854இல் கிரிமியப் போர்க்களத்துப் படைவீரர்க்குத் தொண்டாற்றச் சென்ற பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார், 1860இல் இலண்டன் மாநகரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றினை நிறுவினார். நம் நாட்டிலும் சில ஆண்டுகளுக்குள் அத்தகைய பயிற்சி தொடங்கிற்று. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பள்ளி தோன்றியது. ஏனைய நகரங்களிலும் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. எனினும், பயிற்சியின் காலமும் பாடமும் இடந்தோறும் வேறுபட்டன. முறையாகக் கற்றவர் இவர், கல்லாதவர் இவர் எனப் பிரித்தறியப் பொதுவான அளவுகோல் இல்லை. மேலும், பிறர் உடம்பைத் தொட்டுச் செய்யும் பணி இழிவானது என்னும் தவறான எண்ணம் மக்களிடையே வேரூன்றியிருந்தது. அதனால் பெற்றோர் பலர் தம் மகளிரை இத்துறைக்கு அனுப்ப அஞ்சினர்.

இக்குறைகளைத் தனியொருவர் போக்குதல் இயலாது. ஒற்றை நூலைச் சிறு குழந்தையும் அறுத்துவிடும். பல நூல்களைத் திரித்து முறுக்கிய வடமோ பெருந்தேரையும் இழுக்கும். இவ்வுண்மையை உணர்ந்த செவிலியர் கண்காணிப்பாளர் சிலர், 1905ஆம் ஆண்டில் இலக்குமணபுரி எனப்படும் இலக்னோ நகரில் கூடித் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அதில் அன்று இருந்தவர் ஒன்பதின்மரே. அனைவரும் மருத்துவமனைகளில் தலைமைப் பொறுப்பு வகித்த ஐரோப்பிய மகளிர். மேற்பார்வையாளர் மட்டுமேயன்றிப் பயிற்சி பெற்ற செவிலியர் அனைவரும் சேர்தற்குரிய அமைப்பு ஒன்று வேண்டும் என்னும் கருத்துப் பின்னர் வலுத்தது. அதன் பயனாக 1908இல் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தோன்றியது. செவிலியர் தொழிலின் மாண்பையும் மதிப்பையும் காத்தலே அதன் முதல் நோக்கம். 1922இல் இவ்விரண்டு சங்கங்களும் ஒன்றாயின. அதுவே இன்று புதுதில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு, மாநிலந்தோறும் கிளை பரப்பி விளங்கும் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் ஆகும்.

சங்கம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே அதன் பணி பல துறைகளிற் படர்ந்தது. தொலைவிலுள்ள சிற்றூர்களில் தனித்துப் பணியாற்றும் செவிலியர்க்குப் புதிய செய்திகளையும் அறிவையும் கொண்டு சேர்க்க, 1910 முதல் இதழ் ஒன்று வெளிவரலாயிற்று. 1912இல் சங்கம் உலகச் செவிலியர் பேரவையோடு இணைந்தது. இப்பேரவை 1899இல் தோன்றியது. பயிலும் மாணவியரும் தம் கருத்தை உரைக்கவும் தலைமைப் பண்பைப் பழகவும் 1929இல் மாணவச் செவிலியர்க்கெனத் தனி அமைப்பும் உருவாயிற்று. மேற்படிப்புக்கு உதவித்தொகை வழங்குதல், நூல்கள் வெளியிடுதல், மாநாடுகள் கூட்டுதல் ஆகியனவும் சங்கத்தின் பணிகளாம்.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். சங்கம் என்பது செவிலியர் தாமே விரும்பிச் சேர்ந்து நடத்துவது. செவிலியர் மன்றம் என்பதோ சட்டத்தால் அமைவது. பயிற்சிக்குரிய பாடத்தை வரையறுப்பதும், தகுதியுடையார் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதும் மன்றத்தின் கடமை. சென்னை மாகாணத்தில் 1926இல் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கான சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்கும் ஒரே தரம் அமைய வழிகோலிய இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947இல் பிறந்தது. அச்சட்டத்திற்கு மாற்றாகத் தேசியச் செவிலியர் ஆணையம் ஒன்றினை அமைக்கும் சட்டம் 2023இல் நிறைவேறியது. சட்டத்தைச் சங்கம் இயற்றுவதில்லை. ஆனால், சட்டம் எங்கே வேண்டும் என்பதைச் சங்கம் எடுத்துரைக்கும். நோவை உணர்ந்தவர் உரைத்தாலன்றி மருந்து பிறவாது அன்றோ?

விடுதலைக்கு முன் செவிலியர் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தது. சர் சோசப்பு போர் தலைமையில் அமைந்த குழு 1946இல் அளித்த அறிக்கை, ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருந்தனர் எனக் காட்டியது. அதே ஆண்டில் தில்லியிலும் நம் வேலூரிலும் செவிலியர்க்கான பட்டப்படிப்புத் தொடங்கிற்று. இழிந்த தொழில் என ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டது, பல்கலைக்கழகப் பட்டத்திற்குரிய கல்வியாக உயர்ந்தது.

கல்வி உயர்ந்தும் செவிலியர் துன்பம் முற்றும் ஒழிந்திலது. தனியார் மருத்துவமனைகளில் மிகக் குறைந்த ஊதியத்திற்கு நெடுநேரம் உழைக்கும் நிலை பல இடங்களில் இருந்தது. இதனைப் போக்க வேண்டிச் சங்கம் 2011இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2016இல் நீதிமன்றம், இக்குறைகளை ஆராயக் குழு ஒன்றினை அமைக்குமாறு நடுவணரசுக்குப் பணித்தது. ஐம்பது படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர்க்குத் திங்களுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வேண்டும் என்றும், இருநூறு படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியர்க்கு நிகரான ஊதியம் வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு மாநில அரசுகளைச் சார்ந்தது. பரிந்துரை ஏட்டளவில் நின்றுவிடாமற் காத்தல் சங்கத்தின் தொடர்ந்த பணியாகும்.

தொண்டு செய்வார் ஊதியமும் உரிமையும் வேண்டுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். அவ்வினாவிற்கு விடை நோயாளியின் படுக்கையருகே உள்ளது. இரவெல்லாம் ஓய்வின்றிப் பல நோயாளிகளைத் தனியே கவனிக்கும் செவிலியின் கண் சோர்ந்தால், மருந்தின் அளவு பிழைபடும். மூச்சின் மாறுபாடு கண்ணுக்குத் தப்பும். அப்போது இழப்பு அவர்க்கு மட்டுமன்று, நோயாளிக்கே ஆகும். ஆதலின், செவிலியர் நலம் வேறு, நோயாளர் நலம் வேறு எனக் கருதுதல் பேதைமை.

நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அவர் பிறந்து இருநூறு ஆண்டு நிறைந்த 2020ஆம் ஆண்டைச் செவிலியர், மருத்துவச்சியர் ஆண்டாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்திருந்தது. அவ்வாண்டிலேயே கொரோனாப் பெருந்தொற்று உலகெங்கும் பரவிற்று. உற்றாரும் அணுக இயலாத நோயாளியின் அருகே செவிலியர் நின்றனர். அப்பணியில் உயிர் நீத்தாரும் உளர். அவர்களை வாயாரப் புகழ்தல் நன்றே. அதனினும் நன்று, அவர்தம் உழைப்புக்கு உரிய மதிப்பையும் ஊதியத்தையும் ஓய்வையும் குறைவின்றி வழங்குதல். மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை செவிலியர் ஆகலாம்; சிலர் மருத்துவமனைகளை நடத்தலாம்; சிலர் சட்டம் இயற்றும் அவையில் அமரலாம். எந்நிலையில் இருப்பினும், மருத்துவத்தின் நான்காம் கூறு தளர்ந்தால் ஏனைய மூன்றும் பயன்தரா என்பதை மறவாதீர்கள்.